சம்பா ஷேரும் எஸ்இலினக்ஸும்: அணைக்காமல் சரிசெய்வது எப்படி

"அண்ணே, ஷேர் தெரியுது, உள்ள நுழைஞ்சா அனுமதி இல்லைங்குது. 777 குடுத்துப் பாத்துட்டேன், அசையல. செட்என்ஃபோர்ஸ் 0 போட்டேன், உடனே வேலை செய்யுது. அப்படியே விட்டுரவா?"

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தம்பி போனில் கேட்டது இது. 777 என்றால் ஃபைலில் எல்லாருக்கும் எல்லா உரிமையும். செட்என்ஃபோர்ஸ் 0 என்பது லினக்ஸுக்குள் இருக்கும் எஸ்இலினக்ஸ் என்ற காவலைத் தடுக்காமல் இருக்கச் செய்யும் கட்டளை. தொண்டியிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் இதே கேள்வி வந்திருக்கிறது. படகு உரிமையாளர் சங்கம், ஐஸ் கம்பெனி, இறால் வியாபாரி அலுவலகம் என்று இந்தக் கரையில் சின்னச் சின்ன இடங்களிலும் இப்போது மூலையில் ஒரு லினக்ஸ் செர்வர் ஓடுகிறது. அதில் சம்பா என்ற மென்பொருளைப் போட்டு, நாலைந்து விண்டோஸ் கணினிகளுக்குப் பொதுவாக ஒரு ஃபோல்டர். அதைத்தான் ஷேர் என்கிறோம். விசைப்படகு விவரம், டோக்கன் வாங்கிய நாள், மானிய டீசல் கணக்கு, கடலுக்குப் போன ஆட்களின் பெயர்ப்பட்டியல், ஆதார் நகல் எல்லாம் அதற்குள்தான். ஒரு படகு நேரத்துக்குக் கரை திரும்பவில்லை என்றால் முதலில் தேடுவது அந்தப் பட்டியலை. அதைக் காக்கிற பூட்டைக் கழற்றி வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆகவே அந்தத் தம்பிக்குப் போனில் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

கட்டளைகளைப் போனில் சொல்வதுபோலத் தமிழ் ஒலியிலேயே எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்; கோடு, புள்ளி, அடைப்புக்குறி எல்லாம் அப்படியே. பெரிய எழுத்து வருகிற இடத்தில் சொல்லிவிடுகிறேன். நான் வைத்துப் பேசுவது அல்மாலினக்ஸ் 9 என்ற லினக்ஸ் வகை. ராக்கி, ரெட் ஹாட், ஃபெடோரா எதிலும் வழி இதேதான். உபுண்டு வைத்திருப்பவர்களுக்கு அங்கே ஆப்ஆர்மர் என்ற வேறு காவல் இருக்கிறது. அது எஸ்இலினக்ஸ்போல ஃபைலில் ஒட்டிய லேபிளைப் பார்க்காது, ஃபைல் இருக்கும் பாதையைப் பார்க்கும். இந்தக் கட்டளைகள் அதற்குப் பொருந்தாது.

இரண்டு காவல்

படகு என்னுடையது என்றால் அதில் யாரை ஏற்றுவது, யாருக்கு ஓட்டக் கொடுப்பது என்பது என் விருப்பம். ஃபைலின் சொந்தக்காரர் யார், படிக்க எழுத யாருக்கு உரிமை என்று நாம் வைக்கிற 755, 777 எல்லாம் இந்த வகை. ஆனால் மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் அனுமதி இல்லாமல் இறங்க முடியாது. படகு யாருடையது, சம்மாட்டி (படகு முதலாளி) சம்மதித்தாரா என்று அங்கே கேட்க மாட்டார்கள். விதி படகுக்காரரின் கையில் இல்லை. கட்டாய அணுகல் கட்டுப்பாடு என்பது இதுதான்; எஸ்இலினக்ஸ் செய்வது இந்த வேலை. எல்லா உரிமையும் உள்ள ரூட் பயனராகவே ஓடுகிற சேவையானாலும் அதற்கென்று எழுதிய எல்லையைத் தாண்ட முடியாது.

எஸ்இலினக்ஸை அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை 2000 டிசம்பரில் திறந்த மூலமாக வெளியிட்டது. 2003இல் அது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே சேர்ந்தது. உங்கள் சட்டைப்பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனிலும் 5.0 பதிப்பு முதல் முழுமையாக இதே காவல்தான். போனில் யாரும் அதை அணைத்து வைப்பதில்லை.

பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். 2017 மே மாதம் சம்பாவில் ஒரு பெரிய ஓட்டை வெளியானது. எழுத அனுமதியுள்ள ஷேரில் ஒரு நிரலைப் போட்டு, அதை செர்வரையே ஏற்றி இயக்க வைக்கலாம். 3.5 முதல் வந்த பதிப்புகள் எல்லாவற்றிலும் அது இருந்தது. எஸ்இலினக்ஸ் அமலில் இருந்த ரெட் ஹாட் செர்வர்களில் அந்தத் தாக்குதல் எடுபடவில்லை. தன் சொந்த இடத்துக்கு வெளியிலிருந்து நிரலை ஏற்ற சம்பாவுக்கு அங்கே கொள்கை, அதாவது எஸ்இலினக்ஸின் விதித்தொகுப்பு, இடம் தரவில்லை. திருத்தப்பட்ட பதிப்பைப் போடும்வரை அந்த ஒரு வேலி போதுமானதாக இருந்தது.

முதலில் நிலைமையைப் பாருங்கள்

கெட்என்ஃபோர்ஸ் என்று தட்டினால் மூன்றில் ஒரு பதில் வரும். என்ஃபோர்சிங் என்றால் விதி அமலில் இருக்கிறது. பெர்மிசிவ் என்றால் மீறலை எழுதி வைக்கும், தடுக்காது. டிசேபிள்ட் என்றால் காவலே இல்லை. இன்னும் விவரம் வேண்டுமென்றால் செஸ்டேட்டஸ்.

அடுத்து, கோளாறு உண்மையிலேயே எஸ்இலினக்ஸால்தானா என்று பாருங்கள். கெர்னல் முதலில் பழைய வகை உரிமையைச் சோதிக்கும். அது மறுத்தால் கதை அங்கேயே முடிந்தது. எஸ்இலினக்ஸைக் கேட்கவே கேட்காது, அதன் லாக்கில் (பதிவேட்டில்) ஒரு வரியும் விழாது. ஆகவே லாக் காலியாக இருந்தால் பயனர், குழு, சம்பா கடவுச்சொல், ஃபயர்வால் என்று பழைய பக்கம் தேடுங்கள். ஃபயர்வாலில் சம்பா சேவையைச் சேர்த்து ரீலோட் செய்ய மறந்துவிட்டுப் பாதி நாள் எஸ்இலினக்ஸைத் திட்டியவர்களை எனக்குத் தெரியும். 777 கொடுத்திருந்தால் அதை முதலில் திரும்ப எடுங்கள். அது எதையும் சரிசெய்யாது, திறந்துதான் வைக்கும்.

லேபிள்

ஷேர் இருப்பது /எஸ்ஆர்வி/படகு என்று வைத்துக்கொள்வோம்.

எல்எஸ் -டிஇசட் /எஸ்ஆர்வி/படகு

இதில் டி என்பது டைரக்டரியின் டி; இசட் பெரிய எழுத்து. நான்கு துண்டாக, நடுவில் முக்காற்புள்ளியோடு ஒரு வரி வரும்: பயனர், பங்கு, வகை, நிலை. நமக்கு வேண்டியது மூன்றாவது, வகை. புதிதாக உருவாக்கிய ஃபோல்டரில் அது வார்_டி என்று இருக்கும். இப்போது பிஎஸ் -இஇசட் (இசட் பெரிய எழுத்து) போட்டு சம்பாவைத் தேடினால் எஸ்எம்பிடி_டி என்ற வகையில் அது ஓடுவது தெரியும். எஸ்எம்பிடி_டி என்பவர் வார்_டி இடத்தில் எழுதலாம் என்று கொள்கையில் எங்கும் இல்லை. கொள்கையில் இல்லாதது எல்லாம் மறுப்புத்தான். சம்பாவுக்கென்று கொள்கை கொடுத்திருக்கும் வகை சம்பா_ஷேர்_டி. அதை ஒட்டினால் போதும்.

செமேனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட் -ஏ -டி சம்பா_ஷேர்_டி "/எஸ்ஆர்வி/படகு(/.*)?"

ரெஸ்டோர்கான் -ஆர்வி /எஸ்ஆர்வி/படகு

முதலாவதில் டி என்பது டைப்பின் டி; வகைப் பெயர்களின் கடைசியில் வருவதும் அதே டி. இரண்டாவதில் ஆர் பெரிய எழுத்து. முதல் கட்டளை விதியை எழுதி வைக்கிறது, ஃபைல்களைத் தொடுவதில்லை. இரண்டாவதுதான் அந்த விதிப்படி லேபிளை ஒட்டுகிறது. முதலை மட்டும் போட்டுவிட்டு ஒன்றும் மாறவில்லையே என்று கூப்பிடுகிறவர்கள் அதிகம். மேற்கோள் குறியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் அடைப்புக்குறியை ஷெல் (நாம் தட்டுகிற கட்டளையை வாங்கும் நிரல்) தன் வேலைக்கு எடுத்துக்கொண்டு பிழை காட்டும். கடைசியிலுள்ள (/.*)? என்பதற்கு இந்த ஃபோல்டரும் இதற்குள் இருக்கிற எல்லாமும் என்று பொருள். செமேனேஜ் கட்டளையே இல்லை என்று வந்தால் பாலிசிகோர்யூடில்ஸ்-பைத்தான்-யூடில்ஸ் என்ற பேக்கேஜை நிறுவுங்கள்.

நெட்டில் பல இடங்களில் சிஹெச்கான் என்ற கட்டளையைச் சொல்லியிருப்பார்கள். அதுவும் லேபிளை மாற்றும், ஆனால் விதியில் எழுதாது. பிறகு ஒருநாள் யாராவது ரெஸ்டோர்கான் ஓட்டினால் பழைய லேபிள் திரும்பிவிடும். அன்று ஏன் ஷேர் நின்றது என்று யாருக்கும் புரியாது. சோதித்துப் பார்க்க மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே கவனம் வேண்டிய இடம் ஒன்று உண்டு. லேபிள் என்பது படகின் பக்கவாட்டில் எழுதிய பதிவு எண் மாதிரி. தொண்டிப் படகைப் பாம்பனுக்கு ஓட்டி வந்து கட்டினாலும் எண் மாறாது. எம்வி கட்டளையில் ஃபைலை நகர்த்தினால் பழைய லேபிளோடுதான் வந்து சேரும். சிபி கட்டளையில் நகல் எடுத்தால் புதுப் படகு கட்டியது மாதிரி; வந்து சேர்ந்த ஃபோல்டரின் லேபிள் கிடைக்கும். ஹோம் ஃபோல்டரில் டவுன்லோடு செய்ததை எம்வி போட்டு ஷேருக்குள் தள்ளினால் அது யூசர்_ஹோம்_டி ஆகவே இருக்கும். "நூறு ஃபைல்ல மூணு மட்டும் திறக்கல அண்ணே" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, அந்த மூன்றும் எப்படி உள்ளே வந்தன என்பதுதான். எம்வி -இசட் என்று பெரிய இசட் சேர்த்தால் போய்ச் சேரும் இடத்துக்கு உரிய லேபிளோடு நகரும்.

வெளி ஹார்ட் டிஸ்க் இன்னொரு சங்கதி. எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் செய்த டிஸ்க்கில் லேபிளை எழுதி வைக்க இடமே கிடையாது. ரெஸ்டோர்கான் எத்தனை முறை ஓட்டினாலும் பயன் இல்லை. மவுன்ட் செய்யும்போதே கான்டெக்ஸ்ட்="சிஸ்டம்_யூ:ஆப்ஜெக்ட்_ஆர்:சம்பா_ஷேர்_டி:எஸ்0" என்ற விருப்பத்தைக் கொடுத்தால் டிஸ்க் முழுக்க அந்த ஒரே லேபிளாகத் தெரியும். நிரந்தரமாக வைக்கிற டிஸ்க் என்றால் எக்ஸ்எஃப்எஸ் ஆக மாற்றிவிடுவதே என் ஆலோசனை.

மறுப்பை வாசிப்பது

ஏயூசர்ச் -எம் ஏவிசி -டிஎஸ் ரீசன்ட்

இதில் டி என்பது டைமின் டி. கடந்த பத்து நிமிடத்தில் விழுந்த மறுப்புகள் வரும். வரி நீளமாக இருப்பதைப் பார்த்து மிரள வேண்டாம். நான்கு இடம் போதும். டினைட் என்பதற்குப் பக்கத்தில் வளைந்த அடைப்புக்குள் என்ன செய்யப் பார்த்தது (ரீட், ரைட், கிரியேட்). நேம்= என்பதில் எந்த ஃபைல். எஸ்கான்டெக்ஸ்ட்= என்பதில் யார் கேட்டது. டிகான்டெக்ஸ்ட்= என்பதில் எந்த லேபிளுள்ள பொருளைக் கேட்டது. "எஸ்எம்பிடி_டி, யூசர்_ஹோம்_டி ஃபைலில் ரைட் கேட்டது, மறுக்கப்பட்டது" என்று ஒரு வாக்கியமாகச் சத்தமாகப் படித்துப் பாருங்கள். பாதிக் கோளாறு அந்த வாக்கியத்திலேயே விளங்கிவிடும்.

அந்த வரிகளை ஆடிட்2ஒய் (ஒய் என்பது ‘ஏன்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்) கட்டளைக்குள் செலுத்தினால் அது காரணமும் சொல்லும், தீர்வும் சொல்லும். காரணத்தை நம்புங்கள். தீர்வை அப்படியே நம்பாதீர்கள். மேலே சொன்ன எம்வி உதாரணத்துக்கே அது சம்பா_எனேபிள்_ஹோம்_டிர்ஸ் அல்லது சம்பா_எக்ஸ்போர்ட்_ஆல்_ஆர்டபிள்யூ என்ற சுவிட்சைப் போடச் சொல்லும். இந்தச் சுவிட்சுகளுக்கு பூலியன் என்று பெயர். முதலாவதைப் போட்டால் எல்லாருடைய ஹோம் ஃபோல்டரும் சம்பாவுக்குத் திறக்கும். இரண்டாவது அதைவிட மோசம். செர்வரில் ஏறக்குறைய எங்கு வேண்டுமானாலும் சம்பா எழுதலாம் என்றாகிவிடும். உண்மையில் தேவைப்பட்டது அந்த மூன்று ஃபைலுக்கு ஒரு ரெஸ்டோர்கான். கருவி லேபிள் தவறு என்று யோசிப்பதில்லை. இந்த லேபிளோடு இது நடக்க என்ன வேண்டும் என்று மட்டும்தான் பார்க்கிறது. யோசிக்க வேண்டியது நாம்.

ஆகவே என் வரிசை எப்போதும் இதுதான்: லேபிள் சரியா? சரி என்றால், இந்தத் தேவைக்கென்றே ஒரு பூலியன் இருக்கிறதா? கெட்செபூல் -ஏ போட்டு சம்பா என்று தேடுங்கள். பணியாளர்கள் தங்கள் ஹோம் ஃபோல்டரை விண்டோஸிலிருந்து திறப்பதுதான் நோக்கம் என்றால் சம்பா_எனேபிள்_ஹோம்_டிர்ஸ் சரியான சுவிட்ச். செட்செபூல் -பி என்று பெரிய பி (பெர்சிஸ்டன்ட்டின் பி) சேர்த்துப் போடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த ரீபூட்டில் போய்விடும். இரண்டும் இல்லை என்றால்தான் புது விதி எழுதும் பேச்சு.

மறுப்பு நடப்பது உறுதி, லாக்கில் ஒன்றும் இல்லை என்ற நிலை எப்போதாவது வரும். சில மறுப்புகளை எழுத வேண்டாம் என்று கொள்கையிலேயே சொல்லியிருப்பார்கள். செமாட்யூல் -டிபி (இரண்டும் பெரிய எழுத்து; டிசேபிளின் டி, பில்டின் பி) போட்டால் அவையும் எழுதப்படும். பார்த்து முடித்ததும் செமாட்யூல் -பி, பெரிய பி, போட்டுப் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள்.

கொள்கையே இல்லாத சேவை

சம்பாவுக்குக் கொள்கையை ரெட் ஹாட் எழுதியே தருகிறது. நீங்களே எழுதிய அல்லது நெட்டிலிருந்து இறக்கி /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின் ஃபோல்டரில் போட்ட சேமிப்புச் சேவைக்கு? எடுத்துக்காட்டாக, படகுப் படங்களைப் போனிலிருந்து வாங்கிச் சேர்க்கிற ஒரு சேவை, பெயர் படகுபடம். அது மறுப்பே இல்லாமல் சுகமாக ஓடும். அந்தச் சுகத்தைச் சந்தேகியுங்கள். பிஎஸ் -இஇசட் போட்டுப் பார்த்தால் அன்கன்ஃபைன்ட்_சர்வீஸ்_டி என்று இருக்கும். கெட்என்ஃபோர்ஸ் என்ஃபோர்சிங் என்று சொன்னாலும் அந்தச் சேவைக்கு வேலி எதுவும் இல்லை என்று அர்த்தம். இதைத் தெரியாமல் பல வருடம் ஓட்டியவர்கள் உண்டு.

வேலி போட பாலிசிகோர்யூடில்ஸ்-டெவல், ஆர்பிஎம்-பில்டு இரண்டையும் நிறுவிக்கொண்டு, ஒரு காலி ஃபோல்டரில்:

செபாலிசி ஜெனரேட் --இனிட் -என் படகுபடம் -டபிள்யூ /எஸ்ஆர்வி/படம் /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்/படகுபடம்

இதிலிருந்து சில ஃபைல்கள் பிறக்கும். .டிஇ என்று முடிவதில் விதிகள். .எஃப்சி என்று முடிவதில் எந்தப் பாதைக்கு எந்த லேபிள் என்பது. .எஸ்எச் என்று முடிவதை ரூட்டாக ஓட்டினால் கொள்கை தொகுக்கப்பட்டு ஏறிவிடும். பிறகு இரண்டு பாதைகளுக்கும் ரெஸ்டோர்கான் ஓட்டி, சேவையை ரீஸ்டார்ட் செய்து, அது இப்போது படகுபடம்_டி ஆக ஓடுகிறதா என்று பாருங்கள்.

.டிஇ ஃபைலைத் திறந்தால் 'பெர்மிசிவ் படகுபடம்_டி;' என்று ஒரு வரி இருக்கும். இந்தச் சேவையை மட்டும் தடுக்காதே, எழுதி மட்டும் வை என்று அர்த்தம். செர்வர் முழுவதும் என்ஃபோர்சிங்கிலேயே இருக்க, இது ஒன்று மட்டும் பயிற்சியில் இருக்கும். மறுப்புகள் சேரச் சேர .எஸ்எச் ஃபைலை --அப்டேட் என்ற சொல்லோடு ஓட்டினால் லாக்கைப் பார்த்து விதிகளை முன்மொழியும். ஒவ்வொன்றையும் படித்துவிட்டே ஏற்றுக்கொள்ளுங்கள். படம் சேர்க்கிற சேவைக்குக் கடவுச்சொல் இருக்கும் ஷேடோ_டி எதற்கு? டிஃபால்ட்_டி இடத்தில் எழுத அனுமதி கேட்டால் அது விதிக் குறையா, லேபிள் போடாமல் விட்ட ஃபோல்டரா? இரண்டாவதுதான் பெரும்பாலும். எல்லாவற்றுக்கும் ஒய் தட்டிக்கொண்டே போனால் வேலியை நாமே பிடுங்கினதாகிவிடும்.

அந்த பெர்மிசிவ் வரியை எப்போது எடுப்பது? இந்தக் கரைக்காரர்கள் இதில் ஏமாறுவது எளிது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அலுவலகம் ஓய்வாக இருக்கும். செர்வர் வேலை எல்லாவற்றையும் அப்போதுதான் வைத்துக்கொள்வோம். நானும் அப்படித்தான். ஆனால் தடைக்காலத்தில் எடுத்த லாக்கில் பாதி வேலை பதிவாகியிருக்காது. தடை முடிந்து படகுகள் இறங்குகிற நாளில்தான் அத்தனை ஆட்களின் படமும் அத்தனை போனிலிருந்தும் ஒரே நேரத்தில் வரும். அதுவரை ஓடாத பகுதிகள் அன்றுதான் ஓடும். ஆகவே கடல் திறந்து ஒரு பதினைந்து நாள் வரை அந்த வரியை விட்டுவையுங்கள். அதற்குள் ஒரு முழு பேக்கப், ஒரு லாக் சுழற்சி, மின்சாரம் போய்த் திரும்பி வந்த ஒரு பூட், எல்லாம் நடந்திருக்க வேண்டும். பிறகு வரியை நீக்கி .எஸ்எச் ஃபைலை மறுபடி ஓட்டுங்கள்.

டிசேபிள்ட் ஆகக் கிடக்கும் செர்வர்

ஒரு அலுவலகத்தில் யாரோ பல வருடம் முன்பு அணைத்து வைத்த செர்வரை ஒரு மாலையில் நேராக என்ஃபோர்சிங் ஆக்கி ரீபூட் செய்தேன். அணைந்திருந்த காலத்தில் உருவான எந்த ஃபைலுக்கும் சரியான லேபிள் இல்லாததால், செர்வர் எல்லா ஃபைலுக்கும் லேபிள் போடத் தொடங்கியது. பெரிய டிஸ்க். திரை அசையாமல் நின்றதைப் பார்த்து நின்றுபோனது என்று நினைத்துப் பாதியில் பவரை எடுத்துவிட்டேன். பிறகு லாகின் ஆகவே இல்லை. விடிந்து படகுகள் கரை வந்தபோது கணக்கைத் தாளில் எழுதினார்கள். அவர்கள் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

சரியான வழி இது. /இடிசி/எஸ்இலினக்ஸ்/கான்ஃபிக் ஃபைலில் முதலில் பெர்மிசிவ் என்று மாற்றுங்கள். கெர்னல் வரியில் எஸ்இலினக்ஸ்=0 இருக்கிறதா என்றும் பாருங்கள்; 9ஆம் பதிப்பில் முழுதாக அணைக்க அதைத்தான் போட்டிருப்பார்கள். இருந்தால் நீக்குங்கள். ஃபிக்ஸ்ஃபைல்ஸ் -எஃப் ஆன்பூட் (எஃப் பெரிய எழுத்து) தட்டி, யூபிஎஸ் நிறைந்திருப்பதை உறுதிசெய்து, ரீபூட். லேபிள் போட்டு முடித்துத் தானே இன்னொரு முறை ரீபூட் ஆகும். எத்தனை மணி நேரமானாலும் தொடாதீர்கள். பெர்மிசிவிலேயே சில நாள் ஓட்டி, ஏயூசர்ச் காலியானதும் என்ஃபோர்சிங். நான் மாட்டிக்கொண்டதுபோல் மாட்டினால் பூட் மெனுவில் கெர்னல் வரியின் கடைசியில் என்ஃபோர்சிங்=0 சேர்த்து உள்ளே நுழையலாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எழுத உரிமையுள்ள ஒரு விண்டோஸ் கணினியில் வைரஸ் புகுந்து, ஷேரில் இருக்கிற ஃபைல்களை எல்லாம் பூட்டினால் எஸ்இலினக்ஸ் தடுக்காது. சம்பா தனக்குரிய இடத்தில்தானே எழுதுகிறது. அதற்கு மருந்து, செர்வரோடு எப்போதும் இணைந்திராத தனி டிஸ்க்கில் பேக்கப்.

வேலை முடிந்ததும் செமேனேஜ் எக்ஸ்போர்ட் -எஃப் என்று ஒரு ஃபைல் பெயரோடு தட்டுங்கள். நீங்கள் சேர்த்த லேபிள் விதி, பூலியன் எல்லாம் அந்த ஒரு ஃபைலில் வந்துவிடும். உப்புக்காற்றில் மதர்போர்டு போவது இங்கே புதிதல்ல. புது செர்வரில் செமேனேஜ் இம்போர்ட் -எஃப் போட்டு, ஷேருக்கு ஒரு ரெஸ்டோர்கான் ஓட்டினால் பழையபடி ஆகிவிடும். நீங்களே எழுதிய கொள்கை அதில் வராது; .டிஇ, .எஃப்சி ஃபைல்களையும் சேர்த்து அந்த பேக்கப் டிஸ்க்கிலேயே வையுங்கள்.